அருவாளுக்குக் கட்டிய உருமால்

பாப்பாத்தியக்காவை முதன்முதலில் அவருடைய அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால்தான் பார்த்தேன்.

நான் எம்.ஏ. வரலாறு. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வகையறாவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை அம்மா சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுகிறாள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை, கல்வராயன் மலையில் சாமை வாங்குவது. கள்ளக்குறிச்சியில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்ச் சாமையும் தினையும் எடை போட்டு எடுத்து, கீழே அனுப்ப வேண்டும்.

அப்படித்தான் கடுக்காமேட்டுக்குப் போனேன். கரியாலூரைத் தாண்டி மண் சாலையில் பிரிந்து, வண்டியை இரண்டாவது கியரிலேயே வைத்து ஏற வேண்டும். ஊருக்குள் தராசு வைக்க இடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: “கவுண்டர கேளு.”

ஊர்க்கவுண்டர் வெள்ளையன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் என்மேல் இருந்தது, வேறு எதுவும் அசையவில்லை. கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா, சேலைக்கு மேல் பட்டாளத்துப் பச்சைச் சட்டை போட்டவர், குனிந்து அவர் வாயருகே காதை வைத்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் நீளமான பதில் ஒன்று கேட்டது.

“கடுக்கா மரத்தாண்ட வெக்கச் சொல்றாரு. போன வருசம் வந்தவன் ஈரம் ஈரம்னு சொல்லி எடைய கொறச்சிட்டானாம். அந்த வேல வெச்சிக்காதன்றாரு. தராசு முள்ளு எங்க பக்கம் பாத்து இருக்கணுமாம்.”

வெளியே வந்ததும் பச்சமுத்து என்பவரிடம் கேட்டேன். ஊரில் கவுண்டருக்கு அடுத்த பொறுப்பு மூப்பன். அந்தப் பொறுப்பு அவருடையது. பாப்பாத்தியக்காவுக்குத் தாய்மாமன்.

“கவுண்டரு பேசுவாருங்களா?”

“பேசி வருசம் பத்துக்கு மேல ஆவுது.”

“அப்ப இப்ப சொன்னது?”

“கவுண்டர் சொன்னது” என்றார், இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அப்புறம் போகப் போகப் புரிந்தது. வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, கட்டின பெண் கோபித்துக்கொண்டு வந்த தகராறு எல்லாமே அந்தக் கட்டிலுக்கு வரும். அக்கா குனிந்து கேட்பார், நிமிர்ந்து சொல்வார். தீர்ப்பு யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் இளம்வயதிலேயே திரும்பி வந்தவர் அவர். தாத்தாவின் பேரையே வைத்த தம்பி மாயவன் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அப்பா விழுந்த நாள் முதல் ஊர் அக்கா கையில்தான் இருந்தது, அப்பாவின் பேரில்.

மலையில் ஒரு காலத்தில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். அவர்களுக்குக் கீழே ஊருக்கு ஒரு கவுண்டர். எழுபத்தாறில் அரசாங்கம் ஜாகீரை எடுத்துக்கொண்டது. ஊர்க்கவுண்டரை எடுக்க மட்டும் ஒருவரும் ஏறி வரவில்லை. கடுக்காமேட்டுக் கவுண்டருக்கு இரண்டு வேலை. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து வழக்குக் கேட்பது ஒன்று. ஆடி மழை விழுந்ததும் முதல் பிடிச் சாமையை விதைப்பது இன்னொன்று. அவர் விதைக்காமல் ஊரில் ஒரு ஏரும் மண்ணில் இறங்காது. விதைக்கும்போது கவுண்டர் பட்டத்துக்கு அடையாளமான பட்டு உருமாலைத் தலையில் கட்டி, காஞ்சிபுரத்தை விட்டு மலையேறி வந்த முதல் ஆளிலிருந்து வரிசையாகப் பேர் சொல்லி, கடைசியில் தன் பேரையும் சொல்வார். எந்தக் கை விதைக்கிறது என்று மலைக்குத் தெரிய வேண்டுமாம். அப்பா படுத்திருந்த வருஷங்களில் அவரைக் கட்டிலோடு தூக்கிப் போய், கைக்குள் விதையை வைத்துச் சரிய விட்டு, பேர்களை அக்கா பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பேசுகிறபோது நடப்பார். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டு, பாதியில் வாசலைப் பார்த்துவிட்டு வந்து. மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த என்னைச் சுற்றி நடந்தபடியே ஒருநாள் கேட்டார்:

“எம்மே படிச்சிட்டு சாக்கு தைக்கிறியே, உங்கம்மா அழல?”

“அழுதாங்க.”

“நல்லா அழச் சொல்லு. அப்பறம் பழகிடும்.”

வைகாசியில் கவுண்டர் இறந்தார். மாலையோடு மேலே போனேன். அடக்கம் முடிந்து மறுநாள் சாயங்காலம் ஆண்கள் மரத்தடியில் கூடியிருந்தார்கள். மாயவன் அண்ணன் சிக்கிமிலிருந்து வந்திருந்தார். ஹவில்தார். எல்லையில் ஏதோ பதற்றம் என்று மிகக் குறுகிய விடுப்பு.

“கருமாதி அன்னிக்கி உருமா கட்டணும்டா. இருப்பியா?” என்று கேட்டார் பச்சமுத்து.

“லீவு இல்ல மாமா. நாளைக்கே கெளம்பணும். இனிமே தை மாசம்தான் வருவேன்.”

“அதுவரிக்கும் ஊரு மொட்டத் தலையா கெடக்குறதா?”

“எனக்கு கட்டுங்க.”

வாசலிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

“கொண்டைக்கி மேல நிக்குமா பாப்பாத்தி?”

“மூத்தது நான். பத்து வருசமா பாத்துக்கினது நான்” என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

மாயவன் அண்ணன்தான் பேச்சை வேடிக்கையாக்கினார். “கேளுங்க. எங்க கேம்ப்புக்கு பக்கத்துல ஒரு பாழடைஞ்ச அரமன இருக்குது. சிக்கிம் ராசாங்களோடது. அங்க கைடு ஒரு கத சொன்னான். ராசாவுக்கு மூணு பொண்டாட்டி. ஒருத்திக்கி பொண்ணு பொறந்துது, அவதான் மூத்தவ. இன்னொருத்திக்கி பையன். அப்பன் செத்ததும் சின்னப் பையனுக்கு பட்டம் கட்டிட்டாங்க. அக்காகாரி வுட்டாளா? பக்கத்து நாட்டு பட்டாளத்தயே கூட்டியாந்து அரமனயில குந்த வெச்சிட்டா. தம்பி திபெத்துக்கு ஓடியே போய்ட்டான். எங்கக்காவ பாத்தா எனக்கும் பார்டர தாண்டி ஓடணும் போலதான் இருக்குது.”

மரத்தடி அதிர்ந்தது. பச்சமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவ பேரு இன்னா?” என்று கேட்டார் அக்கா.

“இன்னாவோ வாங்மோ.”

“மூத்தவ தான?”

“மூத்தவதான்.”

“அப்ப அவ கேட்டதுல இன்னா தப்பு?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் பீடியைத் தேடினார். மறுநாள் அண்ணன் போய்விட்டார். நான் வண்டியை எடுக்கும்போது அக்கா பின்னாலேயே வந்தார்.

“நீ சரித்திரம்தான படிச்ச? அந்த வாங்கம்மா கத எனக்கு முழுசா தெரியணும்.”

என் பாடத்தில் சிக்கிம் இரண்டு வரி. எழுபத்தைந்தில் மன்னராட்சி முடிந்து இந்தியாவின் மாநிலமானது, அவ்வளவுதான். படித்தவன் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கல்லூரிப் பேராசிரியரிடம் இரண்டு ஆங்கிலப் புத்தகம் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதன்பிறகு போன் வர ஆரம்பித்தது. கடுக்காமேட்டில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். நான் கள்ளக்குறிச்சி குடோனில் சாக்கு எண்ணிக்கொண்டிருப்பேன். மூச்சிரைக்க அக்கா குரல் வரும்: “சொல்லு. நேத்து எங்க வுட்ட?”

அந்த வம்சம் தொடங்கிய கதையைச் சொன்னேன். பனிமலையைத் தாண்டி மூன்று திசையிலிருந்து மூன்று லாமாக்கள் வந்து ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். நாட்டுக்கு ராஜா இல்லை. நான்காவது திசையில் ஒருவன் இருப்பான், அவனைத் தேடிக் கூட்டிவாருங்கள் என்று ஆளனுப்புகிறார்கள். புன்சோக் என்று ஒருவன் கிடைக்கிறான். அவனை மரத்தடிக் கல்லில் உட்கார வைத்து அபிஷேகம் செய்து, நம்கியால் என்று வம்சப் பேர் சூட்டுகிறார்கள்.

“கல்லுலயா குந்த வெச்சாங்க? தங்கத்துல இல்ல?”

“கல்லுலதான்க்கா. அந்தக் கல்லு இன்னும் இருக்குதாம்.”

“அப்ப நம்மள மாதிரிதான்” என்றார், ஏதோ பங்காளி வீட்டுச் சேதி கிடைத்தது போல. “அவனுக்கு மின்னாடி அங்க இருந்தவங்க ஒத்துக்கினாங்களா?”

“லெப்சான்னு பூர்வகுடி. இவன் முன்னோர் காலத்துலயே அவங்களோட ரத்த சத்தியம் பண்ணிக்கிட்டு அண்ணன் தம்பியானாங்கன்னு சொல்றாங்க.”

“அண்ணன் தம்பி. எல்லா எடத்திலயும் அண்ணன் தம்பிதான். அடுத்தவனுக்கு வா.”

அடுத்தவன் தென்சுங். தலைநகரத்தை மாற்றினான், மூன்று திசையிலிருந்து மூன்று பெண் கட்டினான். பூட்டான்காரிக்குப் பிறந்தவள்தான் பெண்டே வாங்மோ. திபெத்துக்காரிக்குப் பிறந்தவன் சாக்தோர். பையனுக்குப் பட்டம் கட்டும்போது அவன் சிறுவன். இந்த இடத்தில் அக்கா வழக்குக் கேட்பதுபோல் கேட்பார். அவளுக்கு என்ன வயசு? அப்பன் உயிரோடு இருக்கும்போது அவளை ஏதாவது வேலைக்கு வைத்திருந்தானா? அம்மா பக்கத்து ஆட்கள் யாராவது அரண்மனையில் இருந்தார்களா? நான் படித்த புத்தகத்தில் பாதிக்குப் பதில் இல்லை. அதைச் சொன்னால் கோபம் வரும்: “இத்தினி பெரிய புஸ்தகத்துல அத கூடவா எழுதல?”

படையோடு அவள் நுழைந்த இடம்வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். மீதியைப் படித்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அப்பா போனபிறகு ஊரில் அக்காவுக்குக் குரலே இல்லாமல் போயிருந்தது. குனிந்து கேட்க வாய் இல்லை, அதனால் நிமிர்ந்து சொல்லவும் வழியில்லை. மாடு மேய்ந்த தகராறில் அவர் ஏதோ சொல்லப்போக, “அத சொல்ல நீ யாரு?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டானாம். அதைச் சொல்லும்போது போனில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. பாறைமேலும் நடந்துகொண்டிருந்தார்.

ஆடி பிறந்ததும் மழை கொட்டியது. மண் புட்டு மாவு பதத்தில் இருந்தது. அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். விட்டுவிட்டால் சாமை பின்தங்கி, கதிர் பிடிக்கும்போது மழை இருக்காது. வீட்டுக்கு வீடு ஏரும் மாடும் தயார். விதைக்கத்தான் தலை இல்லை. மாயவன் அண்ணனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்களில் விதைத்து முடித்துவிட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள்.

அன்று மத்தியானம் போன். குரல் உடைந்திருந்தது, அழுகையால் அல்ல.

“அருவாளுக்கு கட்றானுங்களாம் தம்பி!”

“இன்னாக்கா?”

“உருமாவ. மாயவன் அருவாளுக்கு. எங்க மாமன் சொல்லிட்டாரு. அவுரு தாத்தா காலத்துல கவுண்டர் மவன் சிலோனுக்கு போய்ட்டானாம், அப்ப அருவாளுக்கு கட்டி வெதச்சாங்களாம். அருவா கவுண்டராம்!”

“அருவா எப்படிக்கா விதைக்கும்?”

“அங்கதான வராங்க. அருவாள நான் புடிச்சிக்கினு நிக்கணுமாம். நானே வெதைக்கணுமாம். பேரு மட்டும் மாயவன் பேரு சொல்லணுமாம். ரத்த சொந்தம்தான் புடிக்கலாமாம். இதுக்கு மட்டும் ரத்தம் ஒத்துக்குது. பத்து வருசம் கட்டிலு. இனிமே அருவாளா? நான் சாவற வரிக்கும் இப்டி எதுக்காவது பின்னாலயே நிக்கணுமா?”

“இன்னா பண்ணலாம்க்கா?”

“டிவிகாரன கூட்டியா. கலெக்டராண்ட மனு எழுது. போலீசு வந்தா கூட வரட்டும். எல்லாரும் பாக்க எனக்கு கட்டச் சொல்லு.”

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல. அன்றைக்கே மனு எழுதினேன். சிவசங்கர் என்று கூடப் படித்தவன் யூடியூபில் சேனல் வைத்திருந்தான். அவனிடம் சொன்னதும் துள்ளினான். “மச்சான், செம கன்டென்ட்டு. ‘மலையின் மகாராணி’ன்னு போடறோம். ட்ரோன் எடுத்துக்கினு வரேன்.”

விதைப்புக்கு முதல்நாள் இதைச் சொல்ல மேலே போனேன். அக்கா விதைச் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தலையை ஆட்டினார்.

“சரி. அந்த வாங்கம்மா கத பாதில நிக்குது. முடி. நாளைக்கி மின்னாடி எனக்கு தெரியணும்.”

தப்பிக்க வழியில்லை.

“தம்பிகாரன் பல வருஷம் திபெத்துல இருந்து, பெரியவனாகி திரும்பி வந்தான்க்கா. நாட்டுல பெரும்பகுதி அவன் கைக்கு வந்துது.”

“அக்காவ இன்னா செஞ்சான்?”

“அப்ப ஒண்ணும் செஞ்ச மாதிரி தெரியல. அப்பறம் அவனுக்கு உடம்பு சரியில்லாம வெந்நீர் ஊத்துல குளிக்கப் போனான். அங்க வைத்தியன் ஒருத்தன் ரத்தம் எடுக்கிறேன்னு பெரிய நரம்ப வெட்டிட்டான். செத்துட்டான். அக்கா சொல்லித்தான் வெட்டினான்னு எழுதியிருக்கு. ஆனா தம்பி வம்சம்தான் அதுக்கப்பறமும் ஆண்டுது. எழுதினவங்க அவங்க பக்கத்து ஆளுங்க. அதையும் சேர்த்துத்தான் பாக்கணும்.”

“அவ?”

“பட்டுத்துணியால கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்கக்கா.”

முறம் நின்றது. அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

“அவளுக்குன்னு ஊர்ல ஒரு ஆளு இல்லயா?”

“இருந்த மாதிரி புத்தகத்துல இல்ல. பூட்டான் படைதான். அது போனதும் யாரும் இல்ல.”

“அங்கதான் கெட்டா.” நின்றார். பேசுகிறபோது அவர் நடக்காமல் நிற்பது அபூர்வம். “பட்டாளத்த கூட்டியாந்தவளுக்கு எவன் தண்ணி குடுப்பான்? உன் டிவிகாரன் நாளைக்கி எடுத்துக்கினு போய்டுவான். கலெக்டரும் போய்டுவாரு. நான் இங்கதான கெடக்கணும், தைலம்மா வூட்டுக்கும் எங்க மாமன் வூட்டுக்கும் நடுவுல. அவன் வர வேணாம்னு சொல்லு. அந்த மனுவயும் கிழிச்சிப் போடு.”

“அப்ப அருவாள புடிக்கிறீங்களா?”

“தெரியல. போ. நாளைக்கி வரதுனா தனியா வா.”

சிவசங்கர் போனில் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கும் வருத்தம்தான். அவ்வளவு சொல்லியும் கடைசியில் அருவாளைத்தான் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

காலையில் தூறல் விட்டிருந்தது. ஊரே கவுண்டர் வீட்டுச் சாமைக்காட்டு ஓரத்தில் நின்றது, பின்னால் ஏர்கள். பச்சமுத்து அருவாளுக்கு உருமால் சுற்றினார். பழைய பட்டு, வழுவழுத்த பிடியில் நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி விழுந்தது.

“மாமோவ், அப்டியே ஒரு மீசயும் வரஞ்சிடு” என்றாள் தைலம்மாள். புருஷன் இல்லாமல் இரண்டு ஏர் வைத்துப் பிழைக்கிறவள், யாருக்கும் பயப்பட மாட்டாள்.

“வாய மூட்றியா நீ?”

“நான் மூடிக்கிறேன். கவுண்டர் துணி அவுந்து நிக்கிறாரு, அத மொதல்ல பாரு.”

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒரு சணல் கயிற்றைப் போட்டு இறுக்கிக் கட்டி, அருவாளை அக்காவின் இடது கையில் கொடுத்தார் பச்சமுத்து. அக்காவின் மடியில் விதை இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் மட்டும் ஈர மண்ணில் மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தது.

“சொல்லு பாப்பாத்தி.”

அக்கா மலையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

“காஞ்சிய வுட்டு வந்த பெரியண்ணன். பெரியண்ணன் மவன் வேடி. வேடி மவன் பொன்னன். பொன்னன் மவன் தீர்த்தன். தீர்த்தன் மவன் மாயவன். மாயவன் மவன் வெள்ளையன்.”

நிறுத்தினார். மாடு ஒன்று தலையை உதறி மணி ஒலித்தது.

“வெள்ளையன் மவ பாப்பாத்தி.”

காதில் விழுந்தது சரிதானா என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“மாத்தி சொல்லிட்ட. மாயவன்னு சொல்லு” என்றார் பச்சமுத்து.

“மாத்தி சொல்லல மாமா.”

“உருமா அவனுக்கு கட்டியிருக்குது.”

“கட்டிக்க. நான் உருமா கேக்கல. ஆனா எந்த கை வெதைக்குதோ அந்த கையோட பேர தான மலைக்கி சொல்லணும்? நீ தான சின்னதுல எனக்கு சொல்லிக் குடுத்த? இது எங்கை. மாயவன் கை சிக்கிம்ல துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்குது. பொய்ப் பேரு சொல்லி வெதைக்கச் சொல்றியா?”

பச்சமுத்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர், “அது… வழக்கம் அதுதான்” என்று இழுத்தார். இன்னொருவர், “பொய்ப் பேர்ல வெதச்சி மொளைக்கலனா?” என்றார். அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை. எல்லோருடைய விதையும் அந்த ஒரு பிடிக்குப் பின்னால்தானே நிற்கிறது!

“இந்தா மாமா, கவுண்டர கொஞ்சம் புடி.” அருவாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அக்கா மடியிலிருந்து கை நிறைய அள்ளி வீசினார். வீசியபடியே காட்டின் குறுக்கே நடந்தார்.

“டேய், ஏர ஓட்றா! ஈரம் காயுது, ஆன்னு பாத்துக்கினு நிக்கிறான்” என்று தைலம்மாள் தன் மகனை அதட்டினாள். முதல் ஏர் இறங்கியது. பிறகு மற்றவை. பச்சமுத்து உருமால் கட்டிய அருவாளைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றார்.

சேதி அன்றே சிக்கிமுக்குப் போய்விட்டது. மாயவன் அண்ணன் போனில் கத்தியது பாறைக்குக் கீழே நின்றவர்களுக்கும் கேட்டதாம். “எம் பேர வுட்டுட்டியாமே! பட்டாளத்தான் செத்துட்டான்னு நெனச்சியா?” அதன்பிறகு பேசவில்லை. அந்த மாதங்களில் அக்கா எனக்குப் போன் செய்தால் ஒரே கேள்விதான்: “அவன் எதனா பேசுனானா உங்கிட்ட?” பயிர் முளைத்ததா, கதிர் பிடித்ததா என்று ஊரே அவர் காட்டை வந்து வந்து பார்த்துப் போனது. சாமை எப்போதும்போல விளைந்தது. ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை.

தையில் அண்ணன் வந்தார். முறைப்படி அவர் தலைக்கு உருமால் கட்டினார்கள். அக்கா கூட்டத்தில் நின்று பார்த்தார். அண்ணன் அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலையிலேயே வழக்கு. காட்டு எல்லையில் நிற்கும் ஒரு கடுக்காய் மரம் தனக்கு என்று இரண்டு வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். கல்லில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டார் அண்ணன். பாதி வாழ்க்கை பட்டாளத்தில் போனவருக்கு அந்த மரம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து வீட்டுக்குள் போனார். நான் உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா.” அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. “அந்த மரம் யாருது?”

அக்கா திரும்பவில்லை. “உள்ள வந்து கேக்காத.”

“சொல்லுக்கா. ஆளுங்க குந்திக்கினு இருக்காங்க.”

“நான் உன் காதுல சொல்லுவேன், நீ போய் அங்க சொல்லுவ. அப்பாவுக்கு வாய் இல்ல, செஞ்சேன். உனுக்கு வாய் இருக்குது. எனுக்கும் இருக்குது. கேக்கணும்னா வெளிய கேளு.”

“எல்லாருக்கும் எதிர்லயா? எனுக்கு இன்னா மரியாத இருக்கும்?”

“எனுக்கு இன்னா இருந்துது இத்தினி நாளா?”

அண்ணன் கோபமாக வெளியே போய், வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார். அடுத்த நாளும் தள்ளினார். கடுக்காய் பறிக்கிற நேரம். இரண்டு வீட்டாரும் கம்போடு அந்த எல்லை மரத்தின்கீழ் நின்றார்கள். அக்கா வீட்டுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தார், தேவையில்லாமல் தண்ணீர் சுமந்து. மூன்றாம் நாள் அண்ணன் கல்லில் உட்கார்ந்தபடியே வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“அக்கா! இங்க வா. இந்த வழக்கு உனுக்குதான் தெரியும்.”

அக்கா குடத்தை இறக்கிவிட்டு வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அண்ணன் கல்லில் ஒரு பக்கமாக நகர்ந்தார். பச்சமுத்து தரையைப் பார்த்தார். யாரும் தடுக்காததால் அக்கா போய் உட்கார்ந்தார். மரம் யார் வைத்தது, எந்த வருஷம் எல்லை கலைந்தது, காயில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் வாயருகேயும் குனியவில்லை. இரண்டு வீட்டாரும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், ஆனால் போனார்கள்.

பாப்பாத்தியக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கடுக்காமேட்டில் அதே வீட்டில் இருக்கிறார். உருமால் மாயவன் அண்ணனுடையது. அவர் இன்னும் பட்டாளத்தில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாதபோது கல்லில் உட்கார்ந்து வழக்குக் கேட்பது அக்காதான். இந்த ஆடியிலும் அவர்தான் விதைத்தார், தன் பேரைச் சொல்லி.